புதுப் பொருளோடு வரும் பெண்களுக்கும் கடன் கொடுங்கள்

தமிழ்நாட்டின் வங்கிக் கிளை மேலாளர்களுக்கு வணக்கம்.

சுயதொழில் தொடங்கும் பெண்களுக்குக் கடன் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வேலை. தையல் மெஷின், கறவை மாடு, மாவு மில் என்று கேட்டால் பெரும்பாலும் கடன் கிடைத்துவிடுகிறது. தங்கள் ஊரில் யாருமே செய்யாத ஒன்றைச் செய்யப்போகிறேன் என்று ஒரு பெண் வந்தால்தான் சிக்கல். "இதெல்லாம் விக்குமாம்மா?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கடன் வாராக்கடனானால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அது புரிகிறது. ஆனால் ஒரே தெருவில் நாலு தையல் கடைக்குக் கடன் கொடுத்தால், நாலு பேரும் கூலியைக் குறைத்துக் குறைத்துத்தான் பிழைக்க வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்துக் கொடுத்த கடனில் தவணை தவறுவது அங்கேதான்.

புதுப் பொருளுக்குச் செலவு வேறு இடத்தில் வருகிறது. சிறுதானிய நூடுல்ஸ் செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பதம் சரியாக வரும்வரை மாவு வீணாகும். எத்தனை நாள் கெடாது என்று ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் பாக்கெட், லேபிள். நீங்கள் மெஷினுக்குக் கொட்டேஷன் கேட்கிறீர்கள். முதல் நாலைந்து தடவை வீணாகும் மாவுக்கு யார் கொட்டேஷன் தருவார்கள்? அந்தப் பணத்துக்குத்தான் நகை அடகுக்குப் போகிறது. தொழில் தொடங்கும் முன்பே வட்டி ஏறுகிறது.

1978இல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட்டில், 10,000 ரூபாய் முதலோடு கிரண் மஜும்தார் ஷா பயோகான் நிறுவனத்தைத் தொடங்கினார். பப்பாளியிலிருந்து நொதி எடுக்கும் தொழில். அன்று யாருக்கும் புரியாத தொழில், அதிலும் இளம்பெண். வங்கிகள் தயங்கின. அதே தயக்கத்தை இன்றும் எங்கள் ஊர்க் கிளைகளில் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டக் கடனுக்குச் சொத்து ஜாமீன் தேவையில்லை. 2015 முதல் இருக்கும் திட்டம் அது. ஆனாலும் கணவர் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கணவரை இழந்தவரும் திருமணம் ஆகாதவரும் என்ன செய்வார்கள்? தயவுசெய்து அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அவர் கையில் இருக்கும் ஆர்டரைப் பாருங்கள், ஜிபே வரவைப் பாருங்கள், பொருளை வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். சோதனைச் செலவையும் கடன் தொகையில் சேருங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்தால் அவர் அதைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.