கிணற்றைத் திருப்பித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வெள்ளம் வடிந்து, ஆறு கரைக்குள் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. அப்போதே எழுதியிருக்க வேண்டிய மடல். நூலகத்தில் நனைந்த புத்தகங்களோடு மல்லுக்கட்டியதில் தள்ளிப் போய்விட்டது.

எங்கள் ஊரில் பெரிதாக என்ன இருக்கிறது? ஒரு பொதுக் கிணறு, படகுத்துறை, பள்ளிக்கூடம், இரண்டு அலமாரி நூலகம், நாளுக்கு இரண்டு தடவை வந்து திரும்பும் பேருந்து. அத்தனையும் ஒரே ராத்திரியில் நின்றுபோயின. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கிணற்றுக்குள் ஆற்றுச் சேறு இறங்கியதுதான் அடிவயிற்றைக் கலக்கியது.

அதனால் முதல் நன்றி கிணற்று வேலைக்கு வந்த குழுவுக்கு. குறிப்பாக, என்னோடு சண்டை போட்ட அக்காவுக்கு. மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்துவிடலாம் என்று குதித்தவன் நான்தான். "மண் இன்னும் ஊறிக் கிடக்கு தம்பி. உள்ளே காலி பண்ணினா வெளியே நிக்கிற தண்ணி சுவரைத் தள்ளிடும்" என்று தடுத்தீர்கள். எனக்கு மகா கோபம். சில நாள் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தபோது, மேற்குப் பக்கத்தில் நான்கு கற்கள் பிதுங்கி நின்றன. அதோடு என் வாய் மூடிக்கொண்டது.

அப்புறம் சேறு வாரினீர்கள், சுவரைத் தேய்த்தீர்கள். கிணற்றின் விட்டத்தையும் நீர் மட்டத்தையும் அளந்து கணக்குப் போட்டுத்தான் பிளீச்சிங் பவுடரையே தொட்டீர்கள். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நின்ற தெளிவை மட்டும் ஊற்றினீர்கள்; அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றில் விழுந்தால் தண்ணீர் கடினமாகிவிடுமாம். ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, மறுபடி இறைத்து, குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்வரை ஒருவரையும் குடம் எடுக்க விடவில்லை. குளோரின் இருந்தால் சோதனைக் குழாயில் தெரியும் இளஞ்சிவப்பு வெளிறுகிறதா என்று பார்க்க ஊரே எட்டி எட்டி நின்றது.

அதுவரை குடிநீர் வந்தது படகுக்கார அண்ணன் தயவில். நேராகக் குறுக்கே போகாமல், கரையோரமாகவே மேலே ஏறி, பிறகு இழுப்போடு சாய்ந்து இறங்கி எதிர்த்துறையைப் பிடிப்பார். மிதந்து வரும் மரங்களுக்கு நடுவில் அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நன்றி சொன்னால் எழுந்து போய்விடுவார், எனவே இங்கே எழுதுகிறேன்.

சாலை அரித்துப் போன பிறகும் மேட்டிலேயே வண்டியை நிறுத்தி, நாங்கள் சேற்றில் நடந்து வரும்வரை காத்திருந்த ஓட்டுநருக்கும், பூஞ்சை பிடிப்பதற்குள் பக்கத்துக்குப் பக்கம் காகிதம் செருகிக் கொடுத்த பிள்ளைகளுக்கும் நன்றி. பாதிப் புத்தகங்கள் பிழைத்தன. பெரிய அகராதி மட்டும் தலையணை மாதிரி உப்பிவிட்டது.

போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களுக்கும் நன்றி சொல்லச் சொன்னார்கள். சரி, சொல்லியாயிற்று.

அக்கா, உங்கள் நீளப்பிடி பிரஷ் ஒன்று இங்கேயே தங்கிவிட்டது. நூலகக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
நூலகத்தைப் பார்த்துக்கொள்பவன்