அப்பா ஏன் ஆட்டுப்பண்ணைக்குப் போகிறார்: கனடாவில் இருக்கும் தம்பிக்கு

தம்பி,

டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்த அப்பாவை இங்கே நோர்வேயில் ஏன் பண்ணைக்கு அனுப்புகிறோம் என்று போனில் சொல்லத் தொடங்கினால் சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்குக் காரணம், நீ கேட்ட அதே கேள்வியைப் போன மாதம் கோயிலில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

"நாங்கள் மண் கிண்டக் கூடாதெண்டுதானே அந்த மனுசன் வடக்கே பின்மார்க்கில மீன் வெட்டினவர், கடைசிக் காலத்தில அவரையே மண் கிண்ட விட்டிருக்கிறியள்" என்றாய். அம்மாவிடமும் அதையே சொல்லியிருக்கிறாய். அடுத்த வியாழன் அப்பாவைப் பண்ணைக்குக் கூட்டிப்போகிற டாக்ஸி வந்து வாசலில் நின்றபோது, அப்பாவுக்குத் தடிமன் என்று அம்மா பொய் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பண்ணையிலிருந்து எனக்கு அழைத்துச் சுகம் விசாரித்த பிறகுதான் விஷயமே தெரியும். உன்மேல் சரியான கோபம் வந்தது, மறைக்கவில்லை.

சரி, முதலில் அது என்ன இடம் என்று கேள். இதற்கு இங்கே 'இன் போ துனெ' என்று பெயர். துன் என்றால் பண்ணை வீட்டு முற்றம், முற்றத்துக்குள்ளே வாருங்கள் என்கிற மாதிரி. ஆடு, கோழி, காணி எல்லாம் வைத்துப் பிழைக்கிற உண்மையான பண்ணைக்காரர்கள்தான் நடத்துகிறார்கள், கொம்யூன், அதாவது ஊர் நகரசபை, பகலில் ஆட்கள் வந்து இருப்பதற்கான இடங்களை அவர்களிடம் காசு கொடுத்து எடுத்து எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. நெதர்லாந்தில் இப்படிப் பராமரிப்புப் பண்ணைகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, எல்லாம் டிமென்ஷியாவுக்கு மட்டுமல்ல. வீட்டில் வசிக்கும் டிமென்ஷியாக்காரருக்குப் பகல்நேரச் செயற்பாடு ஒன்றை ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் இங்கே நோர்வேயில் கொம்யூன்களின் சட்டக் கடமை. ஆனால் அது பண்ணையாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, முதியோர் இல்லத்தில் ஓர் அறையாகவும் இருக்கலாம். அப்பாவை முதலில் அப்படியோர் அறைக்குத்தான் அனுப்பினோம். மேசையைச் சுற்றி இருந்து பத்திரிகை வாசிப்பார்கள், அந்தக் காலத்து நோர்வேப் பாட்டுப் பாடுவார்கள். ஆட்கள் நல்லவர்கள். அப்பா பத்து மணிக்கே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கதவடியில் போய் நின்றுவிடுவாராம், பின்னேரம் டாக்ஸி வரும்வரை. பண்ணையில் இடம் கிடைக்க ஏழு மாதம் ஆனது, ஒரே படிவத்தை மூன்று தடவை நிரப்பினேன். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

வேலைக்கு விட்டிருக்கிறோம் என்கிறாயே, ஆறு பேரை இரண்டு பேர் பார்த்துக்கொள்கிற இடத்தில் யார் யாருக்கு வேலை செய்வது? இவர்கள் விறகு அடுக்குவதால் பண்ணைக்காரிக்கு ஒரு லாபமும் இல்லை. இவர்கள் போன பிறகு அவர் அதைக் கலைத்துத் திரும்ப அடுக்குவார் என்றுதான் நினைக்கிறேன், கேட்கவில்லை. அப்பாவுக்குக் குளிர் என்றால் ஆட்டுக்கொட்டிலுக்குள், களைத்தால் குசினியில் கோப்பியும் வாஃபலும். ஒன்றும் செய்யாமல் கதிரையில் இருந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனுசியும் அங்கே இருக்கிறார். அவரை யாரும் எழுப்புவதில்லை.

போன மே மாதம் ஒருநாள் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். உருளைக்கிழங்கு நடுகிற நாள். பண்ணைக்காரி நீட்டு நீட்டாக வரம்பு போட்டு வைத்திருந்தார். அப்பாவின் கையில் மண்வெட்டி மாதிரி ஒன்று அகப்பட்டது, அவ்வளவுதான், ஒரு மூலையில் குனிந்து மண்ணை இழுத்து இழுத்துச் சதுரம் சதுரமாகப் பாத்தி கட்டத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு பாத்திக்கும் தண்ணீர் நுழைய ஒரு வாய், அதன் பக்கத்தில் வாய்க்கால். யாழ்ப்பாணத்தில் எங்கள் உரும்பிராய்த் தோட்டத்தில் வெங்காயத்துக்குக் கட்டுவாரே, அதே அளவு. கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து நின்று தண்ணீர் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் மழைத்தண்ணியை வெளியேற்றுவதுதான் பாடு, கிணற்றுத் தண்ணியைப் பாத்திக்குத் திருப்புவதை யார் கண்டார்கள். நான் விளக்கிச் சொன்னதும் பண்ணைக்காரி போய் ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தார். அப்பா வாயை வெட்டித் திறந்துவிட்டார், காலால் அடைத்தார், அடுத்ததைத் திறந்தார். நோர்வேயில் 1 லட்சத்துக்கு மேல் டிமென்ஷியாக்காரர் இருப்பதாக ஒரு கணக்கு உண்டு. அதில் ஒருவர் சின்ன வயதில் துலா மிதித்தவர் என்று எந்தக் கணக்கிலும் இராது.

இன்னொன்று. அங்கே எண்பத்தெட்டு வயதில் ஒரு நோர்வே ஐயா வருகிறார். அப்பா வேலியோரம் நின்ற மரத்தில் கொப்பு முறித்து, கட்டாகக் கட்டி, ஆட்டுக்கு வைத்தார். பூவரசங்குழை என்று நினைத்தாரோ என்னவோ. யாராவது தடுப்பார்கள் என்று நான் எழும்பினேன், அதற்குள் அந்த ஐயா வந்து கட்டைக் கையில் வாங்கி, அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகக் கட்டிக் காட்டினார். இங்கேயும் முந்தி பேர்ச், ரோவான் மர இலைகளைக் கட்டுக்கட்டாகக் காயவைத்து மாரிக்கு ஆடுமாடுகளுக்குக் கொடுத்தவர்களாம், அவர் சிறுவனாக அந்த வேலை செய்தவராம். அப்பாவுக்கு நோர்வே மொழி அநேகமாகப் போய்விட்டது. மீன் தொழிற்சாலையில் பொறுக்கிய வடக்கத்தித் தூஷணங்கள் மட்டும் அட்சரம் பிசகாமல் நிற்கின்றன, அதில் ஒன்றைச் சொல்லித்தான் ஐயாவின் முடிச்சைப் பாராட்டினார்.

இதைக் கேட்டு அப்பாவுக்குச் சுகம் வருகிறது என்று நினைத்துவிடாதே. பண்ணைக்குப் போகிறவர்கள் சாதாரணப் பகல்நிலையங்களில் இருப்பவர்களைவிடக் கூட நேரம் வெளியில் நிற்கிறார்கள், கூட நடமாடுகிறார்கள் என்று இங்கே ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள், அது எனக்கும் தெரிகிறது. ஆனால் நோய் தன்பாட்டில் போகிறது. வீட்டுக்கு வந்ததும் எங்கே போனீங்கள் என்று கேட்டால் ஓரிடமும் போகேல்லை என்பார், ஜாக்கெட்டில் ஆட்டு மணம் அடிக்கும். இருட்டினால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அந்தரப்படுவது குறையவில்லை. இன்னும் முற்றினால் அந்த முற்றத்துச் சறுக்கலில் அவரால் நடக்க முடியாது, அப்போது வேறு இடம்தான் பார்க்கவேண்டும்.

அம்மாவைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அம்மா குளியலறைக் கதவைச் சாத்தியதில்லை, உனக்குத் தெரியுமா? சாத்தினால் அப்பா பயந்து தட்டுவார், இல்லாவிட்டால் வெளிக்கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவார். அதனால் கதவைத் திறந்து வைத்து, அவரோடு கதைத்துக்கொண்டே, ஐந்து நிமிடத்தில் மேல் கழுவிக்கொண்டு ஓடிவருவார். அப்பா முதன்முதல் பண்ணைக்குப் போன வியாழன் நான் மத்தியானம் வீட்டுக்கு வந்தால் குளியலறைக் கதவு பூட்டிக் கிடக்கிறது. பயந்துபோய்த் தட்டினேன். "தோயிறன் பிள்ளை" என்று உள்ளேயிருந்து சத்தம். ஒரு மணித்தியாலம் தோய்ந்தார், எண்ணெய் வைத்து, அரப்பு வைத்து. வெளியே வந்தவரின் முகத்தில் குற்றவாளிக் களை. அந்தக் களையைத்தான் நீ போனில் திரும்பக் கொண்டுவந்தாய்.

ஆகஸ்டில் வருகிறேன் என்றாய், வா. இரண்டு கிழமை என்றாலும் இரவில் அப்பாவுக்குக் காவல் இரு, பிறகு நாங்கள் கதைப்போம். அதுவரைக்கும் ஒன்று செய். செவ்வாயும் வியாழனும்தான் அப்பா பண்ணையில். அந்த நாட்களில் உனக்குக் காலை எட்டு மணி என்றால் இங்கே பின்னேரம் இரண்டு, அம்மா தனியாக இருப்பார். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அவரோடு ஒரு அரை மணி நேரம் கதை. டாக்ஸி வர மூன்றரை ஆகும்.

அக்கா