இயற்கை நெல்லுக்குத் தனி நாள், தனி எடை, தனி விலை கொடுங்கள்

வேளாண்மை – உழவர் நலத்துறை, உணவுத்துறைச் செயலாளர்களுக்கும் நெல் கொள்முதலுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2023 மார்ச்சில் அரசு வெளியிட்ட அங்கக (இயற்கை) வேளாண்மைக் கொள்கையை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதை நம்பி ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் கைவிட்டவர்களின் நெல் இந்தத் தையிலும் கொள்முதல் நிலையத்து வாசலிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

சிவப்பரிசி தரும் மாப்பிள்ளைச் சம்பா ஏறக்குறைய 160 நாள் பயிர். இடுப்புயரம் தாண்டி வளரும். மழைக்காற்றில் சாய்ந்துவிட்டால் அறுவடை இயந்திரம் ஊர்ந்துதான் போகும், மணிக்கணக்கில் வாடகை ஏறும். அப்படி அறுத்து, களத்தில் துழாவித் துழாவிக் காயவைத்து, ஈரப்பதத்தை 17 சதவீதத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தால், ஒரு கை நெல்லை உமி நீக்கிப் பார்த்ததுமே "சிவப்பு, எடுக்க முடியாது" என்கிறார்கள். நிலையத்துப் பட்டியல் எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொது விநியோக அரிசியில் சிவப்பு மணி 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மத்திய அரசின் தர விதி. வெள்ளை அரிசியில் கலப்பு வராமல் தடுக்க வேண்டிய அந்த அளவுகோல், சிவப்பாகவே விளையும் ரகத்தை முழுசாக வெளியே தள்ளிவிடுகிறது.

தூயமல்லி, சீரகச் சம்பா போன்ற வெள்ளை ரகங்களின் கதி வேறு. அவற்றை எடுத்தாலும் சாதாரண விலைதான். எடை போட்டதும் மற்ற மூட்டைகளோடு ஒரே அட்டியில் (மூட்டை அடுக்கில்) ஏற்றிவிடுகிறார்கள். ஒரு போகம் முழுக்கக் காத்த தூய்மை தராசுத் தட்டோடு முடிந்துபோகிறது.

நாங்கள் கேட்பது இதுதான். வட்டத்துக்கு ஒரு கொள்முதல் நிலையத்திலாவது வாரத்தில் ஒரு நாள் இயற்கை நெல்லுக்கு மட்டும் ஒதுக்குங்கள். தனியாக எடை போட்டு, தனி அட்டியில் வைத்து, தனி விலை கொடுங்கள். சிவப்பு, கருப்பு ரகங்களைப் பொது விநியோகக் கணக்கில் சேர்க்க முடியாதென்றால் சத்துணவு மையங்களுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் மாநிலக் கணக்கில் வாங்குங்கள்.

வெளியில் விற்றுக்கொள்ளலாமே என்பீர்கள். நாலு மூட்டை, பத்து மூட்டைக்கு ஆலையை யாரும் ஓட்டுவதில்லை. ஓட்டினாலும் முந்தைய நெல்லின் மிச்சம் இயந்திரத்துக்குள் கிடக்கும். அதை வெளியேற்ற முதலில் அரைபடும் அரிசியை ஒதுக்கியாக வேண்டும். பெரிய விவசாயிக்கு அது ஒரு பொருட்டில்லை, சிறு விவசாயிக்கு அதுதான் லாபமே.

இயற்கை விளைச்சல் என்பதற்கான சான்றிதழிலும் அடி சிறு விவசாயிக்குத்தான். ஓர் ஏக்கர் சதுர வயல் பக்கத்துக்குச் சுமார் 64 மீட்டர். பக்கத்து வயல் மருந்து படாமலிருக்கச் சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 18 சென்ட் போய்விடும். பத்து ஏக்கர்க்காரர் அதே 3 மீட்டர் விட்டாலும் இழப்பது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. ரசாயனத்தை விட்டுச் சான்றிதழ் பெறும் வரையான மாறுகாலம் ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு. விளைச்சல் குறையும் அந்த நாளில் இயற்கை என்று சொல்லி விற்கவும் முடியாது. மத்திய அரசின் இயற்கை வேளாண்மைத் திட்டமான பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனாவில் விவசாயி கைக்கு நேராக வரும் பணம் மூன்று ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 15,000 ரூபாய். ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000. இரண்டு களையெடுப்புக் கூலிக்குக்கூடக் காணாது.

வாய்மொழிக் குத்தகைக்காரர்கள் நிலை இன்னும் மோசம். சிட்டா, அடங்கல் உரிமையாளர் பெயரில் இருப்பதால் உழுகிறவர் இந்தத் திட்டத்துக்கான எந்த விவசாயிகள் குழுவிலும் சேர முடிவதில்லை. கிராமத்தில் வறுமை அதிகம் இருப்பது அவர்கள் வீட்டில்தானே? யூரியாவுக்கும் மருந்துக்கும் கடைக்குப் போகும் காசு, இயற்கை வேளாண்மையில் களையெடுப்பவருக்கும் மாடு வைத்திருப்பவருக்கும் கூலியாகவும் விலையாகவும் ஊருக்குள்ளேயே தங்கும். நெல்லுக்கு விலை கிடைத்தால்தான் அந்தக் கூலியையும் கொடுக்க முடியும். விலைக்கு வழி சொல்லாமல் பஞ்சகவ்யப் பயிற்சி முகாம்களை மட்டும் ஆண்டுதோறும் நடத்துவது எந்த வகையில் நியாயம்?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த சம்பா அறுவடைக்கு முன்பாகத் தனி நாளும் தனி எடையும் தனி விலையும் அறிவித்து ஆணை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். உழுகிறவர் பெயரிலேயே பதிவு செய்ய, கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்றை ஏற்றுக்கொள்ளவும் அதே ஆணையில் வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
காவிரிப் படுகை இயற்கை உழவர்கள்