மாலையிலும் உழவர் சந்தை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் வட்டாரத்தில் விளைவதை வாங்கி வீட்டிலேயே சமைத்து உண்ண வேண்டும் என்ற பேச்சு, 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு இன்னும் வலுத்திருக்கிறது. சில ஆண்டுகளாக இயன்றவரை அப்படியே சாப்பிட்டுவரும் குடும்பம் எங்களுடையது. இந்தப் பழக்கத்தை மேற்கொள்ள விரும்பியும் கைவிட்டவர்கள் பலரை அறிவேன். அவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம், வேலைக்குப் போகிறவர்களால் உழவர் சந்தைக்குப் போக முடிவதில்லை என்பதுதான்.

நாங்கள் இருப்பது திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து நாள்தோறும் கேரளத்துக்குக் காய்கறி லாரிகள் போகின்றன. ஆனாலும் எங்கள் தெருக்கடையில் மாலையில் கிடைப்பது, இரண்டு நாள் மூட்டையில் கிடந்து வாடிய வெண்டையும், தோல் தடித்த தக்காளியும்தான். லாரியில் அடிபடாமல் வெகுதூரம் போவதற்கென்றே உருவான தக்காளி அது. ரசத்துக்கு உயிர் கொடுக்கும் புளிப்பான நாட்டுத் தக்காளியோ மெல்லிய தோலுடையது. பறித்த இரண்டாம் நாளே கசிந்துவிடும். வெளியூர் போக முடியாத இத்தகைய காய்களை விளைந்த ஊர்க்காரர்கள் வாங்கிச் சமைக்காவிட்டால், அவற்றைப் பயிரிட யாருக்கும் மனம் வராது.

1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே நேரடியாக விற்க வழி பிறந்தது. அடையாள அட்டை, வாடகையில்லாக் கடை, தராசு, அன்றாடம் விலை எழுதும் பலகை என அந்த ஏற்பாடு மிகுந்த அக்கறையோடு சிந்திக்கப்பட்டது. எங்கள் ஊர்ச் சந்தையிலும் இவையெல்லாம் உண்டு. ஆனால் விடியற்காலையில் களைகட்டும் சந்தை, முற்பகலிலேயே வெறிச்சோடிவிடுகிறது. ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய நான், சோறு வடித்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டிவிட்டு, அந்த நேரத்தில் அங்கே போய் நிற்க முடியாது. எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமைதான். அன்று வாங்கும் பூசணியும் சேனையும் வாரம் முழுவதும் தாங்கும். அரைக்கீரை செவ்வாய்க்கிழமையே பழுத்துவிடும்.

கீரை விற்கும் அம்மா ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தியபோது, அவர் சொன்ன பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. முந்தைய நாள் பிற்பகலில் அறுத்த கீரையைத்தான், இரவெல்லாம் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்து, விடியலில் கொண்டுவருகிறாராம். மாலையில் விற்க இடம் கொடுத்தால், அறுத்த கையோடு, வாடும் முன்பே கீரை எங்கள் அடுப்படிக்கு வந்துவிடும். முருங்கைக்கீரையானால், இரவில் துணியில் சுற்றி வைத்தால் காலைக்குள் இலைகள் தாமே உதிர்ந்திருக்கும். ஆய்வதற்கென்று தனியே நேரம் வேண்டாம்.

எல்லாமே உள்ளூரிலிருந்து வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுத் துவரம்பருப்பு கர்நாடகத்திலிருந்தும், பெரிய வெங்காயம் மகாராட்டிரத்திலிருந்தும் வருகின்றன. காய், கீரை, பழம், சாமை, கேழ்வரகு ஆகியவை அருகில் விளையும்போது அவற்றை வாங்க வழி இருக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

வீட்டுச் சமையலின் பெருமையைப் பேசுகிறவர்கள், அதைச் செய்யும் கைகள் யாருடையவை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களி கிளறுவது என் கணவர். கட்டி தட்டாமல் கிளற வலுவான கை வேண்டும். கீரை ஆய்வது மகனும் மகளும். இப்படிப் பங்கிட்டுக்கொள்ளாமல் போயிருந்தால், இரண்டே மாதத்தில் நானும் பொட்டலச் சப்பாத்திக்கும் கடைப் பரோட்டாவுக்கும் திரும்பியிருப்பேன்.

எனவே வேளாண் விற்பனைத் துறையினருக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நகரங்களிலும் சிறு நகரங்களிலும் உள்ள உழவர் சந்தைகளில், வாரத்தில் மூன்று நாளாவது, மாலை ஐந்து முதல் எட்டு மணி வரை காய்கறி, கீரைக் கடைகளை நடத்த வேண்டும். விளக்கும் கழிப்பறையும் இருந்தால்தான் பெண் விவசாயிகள் இருட்டும் வரை உட்கார முடியும். விற்பனை முடிந்து அவர்கள் ஊர் திரும்பப் பேருந்தும் வேண்டும். முதலில் ஒரு சந்தையிலாவது, நான்கைந்து கீரைக் கடைகளோடு, வரும் தை மாதம் தொடங்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்.