மாதர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவி அவர்களே, போசகர் அவர்களே, உறுப்பினர்களே,

நிர்வாகசபைக் கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. மாரியில் சனசமூக நிலைய முற்றத்தில் வெள்ளம் நின்றதால் ஒன்று மட்டும் தவறியது. தையல் வகுப்பும் சுழற்சிக் கடனும் வழமைபோல. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது மே மாதக் கலந்துரையாடல்தான். கனடாவில் மே 5 அன்று, காணாமற்போன, கொல்லப்பட்ட பூர்வீகக் குடிப் பெண்களை நினைத்து வெறும் சிவப்பு உடைகளைத் தொங்கவிடுகிறார்கள். எங்கள் ஊரில் கனடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. ஆனாலும் அந்த மண்ணுக்கு உரித்தான பெண்களுக்கு நடந்தது பலருக்குப் புதுச் செய்தி. அந்நாட்டு மத்திய பொலிஸின் 2014ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 1980 முதல் 2012 வரை 1,017 பேர் கொல்லப்பட்டார்கள். 164 பேரைக் காணவில்லை. பெண்கள் தொகையில் அவர்கள் 4 வீதமளவு, கொல்லப்பட்ட பெண்களிலோ 16 வீதம். 2019இல் தேசிய விசாரணை ஆணைக்குழு இதை இனப்படுகொலை என்றே எழுதி, 231 கோரிக்கைகளை முன்வைத்தது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் 16ஆம் இலக்க நெடுஞ்சாலையைப் பற்றித்தான் உறுப்பினர்கள் கூடக் கேட்டார்கள். 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்பார்கள். பிரின்ஸ் ஜோர்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபேட் வரை 700 கிலோமீற்றருக்கு மேல். பஸ் இல்லாத ஊர்ப் பெண்கள் வருகிற வாகனத்தை மறித்து ஏறினார்கள், சிலர் திரும்பவில்லை. பஸ் விடும்படி 2006இலேயே கேட்டும், ஊர்களை இணைக்கும் சேவை 2017இல்தான் தொடங்கியது.

நாங்களும் சிவப்புச் சேலை கட்டித் தொங்கவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. நிர்வாகசபை ஏற்கவில்லை. அவர்களின் துக்கம் எங்களுக்கு அலங்காரமாகக் கூடாது என்பதே என் எண்ணமும். அப்புறம் பேச்சு எங்கள் ஒழுங்கைகளுக்கு வந்தது. ரியூசன் முடிந்து பிள்ளைகள் வரும் வழியில் எரியாத விளக்குகளைக் குறித்துப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தோம். சில எரிகின்றன. மற்றவற்றுக்குப் பதில் இல்லை.

கனடாவின் அந்த விசாரணையில் குடும்பங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, பொலிஸ் தங்கள் முறைப்பாட்டைப் பெரிதாக எடுக்கவில்லை என்பதை. எங்களுக்கு அது புதிதல்ல. 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவி வித்தியா வீடு வராத நாளை இங்கே யாரும் மறக்கவில்லை. அவளைக் கொன்றதற்கு 2017இல் ஏழு பேருக்கு மரண தண்டனை தீர்ப்பானது, சரி. ஆனால் பிள்ளையைக் காணவில்லை என்று தாய் ஓடுகிற அந்த முதல் மணித்தியாலங்களில் அவளோடு யார் நிற்பது?

ஆகவே, முறைப்பாடு செய்யப் போகும் பெண்ணோடு எங்களில் இருவர் போவது, முறைப்பாட்டு இலக்கம் கையில் கிடைக்காமல் பொலிஸ் நிலையத்தை விட்டு வருவதில்லை என்று முடிவெடுத்து, அப்படியே செய்தோம். யாரோடு, எத்தனை தடவை என்று எழுதவில்லை, ஊர் சிறியது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அது 12 மாதம்வரை செல்லும் என்பதையும் விளக்கினோம். விவாகரத்து எடுத்தால்தான் கேட்கலாம் என்று நினைத்திருந்தவர்களே அதிகம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இப்போது சனசமூக நிலையச் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது.

இரவில் அப்படித் துணைக்குப் போகிறவர்கள் ஓட்டோவுக்கு இதுவரை சொந்தக் காசு கொடுத்தார்கள். வரும் ஆண்டில் அதைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கத் தீர்மானம் ஒன்று வேண்டும். முன்மொழியவும் வழிமொழியவும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்