ஸ்ப்ரே பாட்டிலை யார் விரலால் சோதிக்க வேண்டும்? தர நிர்ணய அமைவனத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் அம்மா நாற்பது வருடம் பட்டுத்தறி நெய்தவர். இப்போது முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. வலிக்கு அடிக்க ஒரு ஸ்ப்ரே வாங்கிக் கொடுத்தேன். அதை அவரால் அழுத்த முடியவில்லை. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து அழுத்தினால் பாட்டில் சாய்ந்து மருந்து புடவையில் அடிக்கிறது. விரல்வலிக்காரர்கள் வாங்கும் பொருள் இது என்பது செய்தவர்களுக்குத் தெரியாதா?

ஒரு பாட்டிலை அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பது கஷ்டமான வேலையில்லை. பாட்டிலை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே வேகத்தில் இறங்கும் கம்பியால் தலையை அழுத்தினால், எத்தனை நியூட்டன் விசை தேவைப்பட்டது என்று கருவி காட்டிவிடும். ஒரு கிலோ எடையைத் தாங்க ஏறக்குறைய 10 நியூட்டன் வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் இறுக்கம், திரவத்தின் கெட்டித்தன்மை, துளையின் அளவு எல்லாம் அந்த எண்ணில் வந்துவிடும்.

ஆனால் அந்தக் கம்பி நடுங்காது. சோப்பு நுரையில் வழுக்காது. குளிரும் அதற்குத் தெரியாது. ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் என் சித்தி வீட்டில், மார்கழிக் காலையில் லோஷன் கெட்டிப்பட்டு பம்ப் இறங்க மறுக்கும். அதே பாட்டில் சித்திரையில் சேலத்தில் சுலபமாக இறங்குகிறது. எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2010 அணுகல் விதிகளின்படி, கட்டடங்களில் உள்ள கைப்பிடி, சுவிட்ச் போன்றவற்றை ஒரு கையால், இறுக்கிப் பிடிக்காமல், 22.2 நியூட்டனுக்கு மேற்படாத விசையில் இயக்க முடிய வேண்டும். பாட்டிலுக்கான விதி இல்லைதான். ஆனாலும் ஒரு எல்லையை எண்ணாக எழுதி வைத்தார்களே. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைத்த நுகர்பொருட்களை ஊக்குவிக்க வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது.

அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதை விலைக்குப் பக்கத்தில் அச்சிடச் செய்யுங்கள். கருவியோடு நிறுத்தாமல், ஈரக் கையோடும் ஒற்றைக் கையோடும் வயதானவர்களை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். எங்கள் தறிக்காரர்களும் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர்களும் தாராளமாக வருவார்கள்.

நான் ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவேன். அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன்தான் வந்து அம்மாவுக்கு ஸ்ப்ரே அடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்திருக்கப் பத்து மணி ஆகும். அதுவரை அம்மா வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
அம்மாபேட்டை நெசவாளர் ஒருவரின் மகள்