பெட்டிக்குள் சூடு எவ்வளவு?

தெலுக் இந்தான்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ பேசி வைத்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. சபாவில் கினாபாத்தாங்கான் ஆற்றங்கரையில் மரத்துக்கு மரம் ஏறி மாட்டிய கூட்டுப் பெட்டிகளில் இந்த வருஷமும் இருவாச்சிப் பறவை தங்கவில்லை, ஒன்றில் தேனீ, இன்னொன்றில் அணில் என்று சொன்னாய். "விட்டுடலாமான்னு இருக்குப்பா" என்றாய். போனில் எனக்குச் சரியாகப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குப் பதினோரு வயது இருக்கும். நம் செம்பனைத் தோட்டத்து ஆறாம் நம்பர் காட்டில், எலி பிடிக்கும் கூகை தங்க வைத்த பெட்டிக்குக் கீழே கிடந்த கறுப்பு உருண்டைகளைப் பொறுக்கி வந்து, மைலோ டின்னில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தாய். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாள். நீயோ ஊக்கை வைத்து முடியை விலக்கி, எலும்பை ஒவ்வொன்றாய்ப் பேப்பரில் அடுக்கினாய். ஒரே உருண்டையில் மூன்று எலி மண்டை. முன்பல் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் அப்படியே இருந்தது. இருபது வருஷம் அந்தப் பெட்டிகளுக்கு அடியில் நடந்தவன் நான், ஒருநாள்கூட குனிந்து பார்த்ததில்லை. செம்பனைக் குலையை எலி கொறிப்பது தெரியும், கூகை எலி பிடிப்பதும் தெரியும். அது எலியை முழுசாய் விழுங்கிவிட்டு முடியையும் எலும்பையும் உருட்டிக் கக்கும் என்பது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீ படிக்கப் போன பிறகு ஆறாம் நம்பர் பெட்டிகள் ஒவ்வொன்றாய்க் காலியானதை உனக்கு எழுதினேன், நினைவிருக்கிறதா? லீவில் வந்து, எலி மருந்துக் கட்டியின் உறையைக் கையில் வாங்கிப் படித்தாய். பழைய எலி மருந்தான வார்ஃபரின் இல்லை, இது அதைவிடக் கடுமையான புரோடிஃபாகும் என்றாய். மருந்து தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும், கூகைக்கு அதுதான் சுலபமான இரை, எலியின் ஈரலில் தங்கிய விஷம் கூகைக்கும் போகும் என்று மேனேஜரிடமே விளக்கினாய். நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

அந்தப் பகுதியில் மருந்தை நிறுத்தினார்கள். இரண்டு வருஷம் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வருஷம் ஒரு விடியற்காலை, பிரட்டுக்கு, அதுதான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வழியில், பெட்டிக்குள்ளிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று சீறல். முதலில் பாம்பு என்றுதான் நினைத்தேன். குஞ்சுகள், மா!

உன் பறவைக்கு இதைவிடக் கஷ்டம் என்பது புரிகிறது. இருவாச்சியால் தானாக மரத்தைக் குடைய முடியாது, பெரிய மரங்களை வெட்டிவிட்டார்கள், பொந்துக்கு எங்கே போகும்? வாசலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளே இருக்கும் பெண் பறவை, ஆண் ஊட்டும் அத்திப்பழத்தை நம்பித்தான் இருக்கிறது. அப்படி ஒரு வீட்டைத் தேடுகிறவள் அவசரப்பட்டு நுழைவாளா? அலகின் மேல் இருக்கும் கெட்டியான கொண்டையைச் செதுக்கி விற்பதற்காகவே கொல்லப்படும் அந்தப் பெரிய வகையை 2015-இல் மிக அபாய நிலையில் சேர்த்துவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்று அம்மா சாப்பிடவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உயிருள்ள மரத்தின் பொந்து கெட்டியான சுவரால் குளிர்ச்சியாய், ஈரமாய் இருக்கும், பலகைப் பெட்டி சூடேறிவிடும் என்றாய் அல்லவா? குஞ்சுகள் பறந்துபோன பிறகு நம் பெட்டிகள் இரண்டில் தெர்மாமீட்டர் தொங்கவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு, ரோட்டோரம் வெயில் படுகிற பெட்டியில் 37 டிகிரி, மட்டைகளின் நிழலில் இருப்பதில் 31. வெயில்படும் பெட்டியில் நான் பார்த்த வரை கூகை ஒருமுறைகூட முட்டையிட்டதில்லை. கூகைக்கே இப்படி என்றால் உன் பறவை என்ன செய்யும்?

உன் பெட்டிகளில் எதன் வாசல் மேற்கே பார்க்கிறது, பலகை எத்தனை அங்குலக் கனம், இரட்டைச் சுவராய் அடித்து நடுவில் மரத்தூள் திணித்துப் பார்த்தீர்களா என்று எழுது. தச்சு வேலை எனக்குத் தெரியும், ரிட்டயர் ஆனபின் நேரமும் இருக்கிறது. ஒன்று செய்து இங்கே வெயிலில் வைத்து அளந்து பார்க்கிறேன்.

நான் வாரா வாரம் எழுதிய கூகை நோட்டை நாளைக் காலை போஸ்லாஜு விரைவுத் தபாலில் போடுகிறேன். எட்டாம் பக்கத்திலிருந்து காலி, காலி, காலி என்றே இருக்கும். அதையும் விடாமல் படி.

அப்பா